கலங்கரை முதல் கற்பிளவு வரை

சில நிலமுனைகளுக்கு அவற்றின் பரப்புக்குச் சிறிதும் பொருந்தாத பெரும் பிரசித்தி கடலோடிகளிடையே வாய்த்திருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கே கார்ன்வால் பிரதேசத்தில், பிரிட்டன் என்னும் பெருந்தீவின் நிலம் தெற்கு நோக்கி இறங்கி வந்து, 49 பாகை 57 கலை வட அட்சரேகையில், இதற்கப்பால் அடிவைக்க இடமில்லை என்று நின்றுவிடுகிற லிசர்ட் முனை அத்தகையது. சுற்றுலா விளம்பரங்களில் மேற்கேயுள்ள லேண்ட்ஸ் எண்டுக்குக் கிடைக்கிற ஸ்தானம் இதற்குக் கிடைப்பதில்லை. அங்கே எழுந்துள்ள கேளிக்கைக் கூடங்கள் இங்கே எழாமற்போனதற்கு அந்த அலட்சியமே காரணமென்றால், அலட்சியமும் ஒரு விதத்தில் அநுக்கிரகந்தான். கன்னியாகுமரியைக் கண்டு பழகிய கண்களுக்குத் தென்கோடி என்றவுடன் கோயிலும் கடைத்தெருவும் நீராடும் ஜனக்கூட்டமும் தோன்றும். இங்கே அவையொன்றும் இல்லை. ஒரு கலங்கரை விளக்கம், இரண்டொரு தேநீர்க் கடைகள், இவ்வட்டாரத்துக்கே உரிய சர்ப்பென்டைன் என்னும் செம்பச்சைக் கல்லைக் கடைந்து கிண்ணமும் விளக்குத் தண்டும் செய்து விற்கும் சிறு பட்டறை, அவற்றுக்கெல்லாம் கீழே ஓயாமல் நுரைத்துக்கொண்டிருக்கும் சமுத்திரம், இவ்வளவே.

ஆயினும் பாய்க்கப்பல்களின் காலத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து அட்லாண்டிக்கிற்குள் புகுந்த மாலுமி கடைசியாகக் கண்ட தாய்நிலம் பெரும்பாலும் இதுவே. மாதக்கணக்கில் நீரையும் வானையும் தவிர வேறொன்றும் காணாமல் திரும்பியவன் முதன்முதல் கண்டதும் இதுவே. கிரீனிச்சின் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொள்வதென்று 1884-ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாட்டில் தீர்மானமாவதற்கு வெகுகாலம் முன்பு, லிசர்டையே பூஜ்யமாக வைத்துக் கிழக்கு மேற்குத் தூரங்களைக் கணக்கிட்ட கடற்படங்கள் புழக்கத்தில் இருந்தன. 1588-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஸ்பெயின் மன்னர் அனுப்பிய மாபெரும் கப்பற்படை இங்கிலாந்தை நெருங்கியபோது, அது முதலில் தென்பட்டதும் இம்முனைக்கு எதிரேதான். 'நாம் எங்கே இருக்கிறோம்?' என்ற கேள்வியை எத்தனையோ தலைமுறைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்ட இடத்திற்கு, அதே கேள்வியை விளையாட்டாகக் கேட்டுக்கொண்டு கைபேசியுடன் வந்து சேர்வது சற்றே துணிச்சலான காரியந்தான்.

அந்தத் துணிச்சல் என்னுடையதன்று. என் தமையனார் மகளுடையது. கார்ன்வாலில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தியராக உத்தியோகம் பார்க்கும் அவள், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ஜியோகேஷிங் என்னும் விளையாட்டில் பொழுதைப் போக்குகிறவள். யாரோ ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்கேனும் மறைவாக வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை வெளியிடுகிறார். மற்றவர்கள் அந்த எண்களைப் பற்றிக்கொண்டு போய், பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் சிற்றேட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தவாறே வைத்துவிட்டு வரவேண்டும். இதற்காக மெனக்கெட்டு மலையேறுவார்களா, சேற்றில் இறங்குவார்களா என்று கேட்பவர்களுக்கு, ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதைத் தவிர வேறு சமாதானம் சொல்வதற்கில்லை. விளையாட்டுக்கு விதிகளும் உண்டு. பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடானதொன்றை வைத்துவிட வேண்டும். உணவுப் பண்டங்கள் வைத்தல் ஆகாது. பூமியைத் தோண்டிப் புதைத்தல் ஆகாது. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் 161 மீட்டரேனும் இடைவெளி வேண்டும். தேடுவதன் சிரமத்துக்கு ஓர் எண், நடப்பதன் சிரமத்துக்கு ஓர் எண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பும் போட்டிருப்பார்கள். எங்கள் பெட்டிக்கு இரண்டும் நடுத்தரம். என் முழங்கால்களை உத்தேசித்தே அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்பது பிறகு தெரிந்தது.

இவ்விளையாட்டின் ஜனன தினத்தைத் திட்டமாகச் சொல்ல முடிகிறது. பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு எவரும் தம் இருப்பிடத்தை அறியலாம் என்றிருந்தபோதிலும், ராணுவ முன்னெச்சரிக்கை கருதி, பொதுமக்களுக்குரிய சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை அது தவறக்கூடும். ஜனாதிபதி கிளிண்டனின் ஆணைப்படி அந்தக் கலப்படம் 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி நின்றது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊரருகே ஒரு கறுப்பு வாளியில் சில புத்தகங்களும் ஓர் உண்டிவில்லும் ஒரு பீன்ஸ் டப்பாவும் இன்ன பிறவும் போட்டு மறைத்து வைத்து, இடத்தின் எண்களை அறிவித்தார். மூன்று நாட்களுக்குள் இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் இத்தகைய பெட்டிகள் முப்பது லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஒன்றை 2008-ஆம் ஆண்டு ரிச்சர்ட் காரியட் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே வைத்துவிட்டு வந்தார். உணவுப் பண்டத்தை விலக்கிய இதே சமூகம், அந்த ஆதி பீன்ஸ் டப்பாவை மட்டும் இன்றும் பக்தியோடு பேணி, கூட்டங்களில் காட்சிக்கு வைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் கார்ன்வாலுக்கு அண்டையிலுள்ள டெவன் வாசிகள் இந்த அமெரிக்க வரலாற்றை அப்படியே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அங்கே டார்ட்மூர் என்னும் சதுப்பு மேட்டுநிலத்தில், மனிதர் எளிதில் போய்ச்சேர முடியாத கிரான்மியர் மடுவின் அருகே, ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854-ஆம் ஆண்டிலேயே ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் வந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதற்குள் போட்டுவிட்டுத் திரும்பலாம். புட்டி பெட்டியாகி, பெட்டிகள் பலவாகி, டார்ட்மூர் முழுவதும் இன்று ரப்பர் முத்திரைகளுடன் ஒளிந்திருக்கின்றன. செயற்கைக்கோளோ அட்சரேகையோ அந்தப் புட்டிக்குத் தேவைப்படவில்லை. எட்டாத இடத்துக்குப் போனவன் 'நானும் இங்கே வந்தேன்' என்று எழுதிவைக்க விரும்புவான் என்பதை பெரட் அறிந்திருந்தார். மற்றவையெல்லாம் பிற்காலத்து அலங்காரம்.

லிசர்ட் முனையில் நாங்கள் நடந்தது, மைன்ஹெட் தொடங்கிப் பூல் துறைமுகம் வரை 630 மைல் நீள்கிற தென்மேற்குக் கரைவழியில் ஒரு மிகச் சிறு துணுக்கு. முனையிலிருந்து கிழக்கே பாஸ் பாயிண்ட் வழியாகச் சர்ச் கோவ் என்னும் சிறு துறை வரையில். கள்ளக்கடத்தல்காரர்களைப் பிடிக்கும்பொருட்டுக் கரைக்காவலர்கள் ஒவ்வொரு குடாவையும் எட்டிப்பார்த்துக்கொண்டே நடந்த தடம் இது. ஆதலால்தான் இது குறுக்குவழி என்பதையே அறியாமல் நிலத்தின் ஒவ்வொரு நெளிவுக்கும் நெளிந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் இறங்கி ஏறுகிறது. அரசாங்கச் சிக்கனத்தை எண்ணி எவரும் இப்படியொரு பாதையை இன்று போடமாட்டார்கள். சுங்க வரியை ஏய்த்தவர்களுக்கு நடைப்பிரியர்கள் நன்றி பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

முனையிலிருந்து புறப்படுமுன் கீழே பொல்பியர் துறையில் கைவிடப்பட்டு நிற்கும் உயிர்காப்புப் படகுக் கொட்டகையைப் பார்த்துவிட்டே நகர வேண்டும். 1907-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி இரவு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஸ்யூவிக் என்னும் பெருங்கப்பல், மூடுபனியில் தெரிந்த லிசர்ட் விளக்கை இன்னும் பல மைல் தொலைவில் இருப்பதாக மாலுமிகள் கணித்ததால், முழு வேகத்தோடு மேன்ஹியர் பாறைத்தொடரின்மீது ஏறிவிட்டது. கரையிலிருந்து அந்த இடம் கால் மைல் தூரம். நீர் வற்றும்போது பாறைகளின் கரும்பற்கள் வெளியே தெரிகின்றன. லிசர்டிலிருந்தும் கேட்ஜ்வித், கவ்ரக், போர்த்லெவன் ஆகிய ஊர்களிலிருந்தும் செம்படவர்களும் மற்றவர்களுமாக அறுபது தொண்டர்கள் துடுப்புப் படகுகளைத் தள்ளிக்கொண்டு அந்த இருட்டிலும் கொந்தளிப்பிலும் திரும்பத் திரும்பப் போய்வந்தார்கள். பதினாறு மணி நேரத்தில் கப்பலிலிருந்த 456 பேரும், அவர்களில் எழுபது பேர் கைக்குழந்தைகள், ஒருவர் குறையாமல் கரையேறினார்கள். பிரிட்டிஷ் உயிர்காப்புப் படகுச் சங்கத்தின் சரித்திரத்தில் ஒரே விபத்தில் இத்தனை பேரை மீட்டது இன்றுவரை இது ஒன்றே. கப்பலின் கதை அதன்பின்பும் முடியவில்லை. பாறையில் சிக்கிய முன்பாகத்தை வெடிவைத்து அறுத்து விட்டுவிட்டு, எந்திரங்கள் சேதமடையாதிருந்த பின்பாகத்தைச் சவுதாம்ப்டனுக்குக் கொண்டுபோனார்கள். பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கப்பல் தளத்தில் புதிதாக ஒரு முன்பாகம் செய்து, கடல்வழியே இழுத்துவந்து, இரண்டையும் பொருத்தி, மறு ஆண்டே அதே கப்பலை மீண்டும் ஓடவிட்டார்கள்! விளக்கு எரிந்தும், அதைக் கண்ணால் கண்டும், தூரத்தை ஊகிப்பதில் நேர்ந்த பிசகு அவ்வளவு பெரிய உடலை இரண்டாக்கியது என்பதைக் கேட்டபின், என் தமையன் மகளின் கைபேசியில் மின்னிய எண்களை நான் சிறிது மரியாதையோடு பார்க்கலானேன்.

அந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்விளையாட்டுக்காரர்கள் பாகையையும் கலையையும் எழுதி, கலையை மேலும் ஆயிரத்தில் ஒரு பங்குவரை தசமமாக எழுதுகிறார்கள். அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆகவே கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இடம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்கிறது. ஒரு மனிதன் கையை வீசி நிற்கிற இடம் அவ்வளவுதான். ஸ்யூவிக் கப்பலின் தலைவருக்கு இதைச் சொல்லியிருந்தால் மாயாஜாலம் என்றிருப்பார்.

கலங்கரை விளக்கம் வெண்மையான நீண்ட கட்டடம். அதன் இரு முனைகளிலும் இரண்டு கோபுரங்கள். இங்கே முதன்முதல் 1619-ஆம் ஆண்டில் சர் ஜான் கில்லிக்ரூ என்பவர் விளக்கு ஏற்றினார். ஊரார் அதை விரும்பவில்லை. உடைந்த கப்பலிலிருந்து ஒதுங்கும் சரக்கு அவர்களுக்கு ஈசுவரன் அளந்த படியாக இருந்தது. கப்பல்காரர்களும் ஒளிக்குரிய கட்டணத்தைத் தரவில்லை. விளக்கு சில ஆண்டுகளில் அவிந்தது. பிறகு நூற்றாண்டுக்கு மேல் இருட்டு. 1751-ஆம் ஆண்டில் தாமஸ் ஃபொன்னரோ எழுப்பிய இரட்டைக் கோபுரங்களே இன்று நாம் காண்பவை. வேறு விளக்கங்களோடு மாலுமி இதை மயங்காதிருக்கவே இரண்டு. அந்நாளில் மேலே எரிந்தது நிலக்கரி. துருத்தி ஊதினால்தான் ஒளி. இரு கோபுரங்களுக்கும் நடுவே ஒரு சிறு அறையில், இருபுறமும் ஜன்னல் வைத்து, மேற்பார்வையாளர் ஒருவர் கட்டிலில் சாய்ந்தபடியே இரண்டு நெருப்பையும் பார்த்துக்கொண்டிருப்பாராம். ஏதேனும் ஒரு பக்கம் ஒளி மங்கினால், அந்தப் பக்கத்துத் துருத்திக்காரன் கண்ணயர்ந்துவிட்டான் என்று அர்த்தம். உடனே அவர் ஒரு மாட்டுக்கொம்பை எடுத்து ஊதுவார். கோபுரத்திலிருந்து துருத்திச் சத்தம் மறுபடி கேட்கும். மனித குலத்தின் சமுத்திர வாணிகம் ஒரு காலத்தில் இந்த மாட்டுக்கொம்பை நம்பியிருந்தது என்று எண்ணும்போது எனக்கு உண்டான ஆனந்தத்தை மறைப்பானேன்? 1878-ஆம் ஆண்டில் மின்சாரம் வந்தது. 1903-க்குப் பின் கிழக்குக் கோபுரத்தில் மட்டும் விளக்கு சுழல்கிறது. 1998-ஆம் ஆண்டோடு கடைசிக் காவலரும் விடைபெற்றார். மூன்று வினாடிக்கொருமுறை வெள்ளொளி ஒருமுறை வெட்டுகிறது. கொம்பு ஊத ஆளில்லை, உறங்கவும் ஆளில்லை.

விளக்கைத் தாண்டியதும் பாதை செங்குத்தான பாறை விளிம்போடு ஒட்டிக்கொள்கிறது. நாங்கள் போனது மே மாதம். கடற்கரைத் திரிஃப்ட் என்னும் இளஞ்சிவப்புப் பூ பாறையிடுக்கெல்லாம் பூத்துக் கிடந்தது. அதற்கு நடுவே தடித்த சதைப்பற்றுள்ள இலைகளுடன் பாய்போலத் தொங்குவது தென்னாப்பிரிக்காவிலிருந்து தோட்ட அழகுக்காக வந்து, வேலி தாண்டி, உள்நாட்டுச் செடிகளை அமுக்கிக்கொண்டு படர்ந்துவிட்ட ஹாட்டென்டாட் அத்தி. பார்வைக்கு மிக அழகியது. அதை வெட்டியெறிய இங்கே தொண்டர் கூட்டம் ஒவ்வோராண்டும் உழைக்கிறது. சற்றுத் தூரத்தில், நிலத்தில் திடீரென்று ஒரு மாபெரும் வட்டக் குழி. அடியில் கடல் குடைந்துகொண்டேயிருந்த குகையின் கூரை 1847-ஆம் ஆண்டில் இடிந்து விழுந்ததாம். சிங்கத்தின் குகை என்று அதற்குப் பெயர். அலை உள்ளே புகுந்து வெளியேறும்போது எழுகிற முழக்கத்தைக் கேட்டால் அந்தப் பெயருக்கு ஆட்சேபம் சொல்லத் தோன்றாது.

எங்களுக்குச் சஃப் என்னும் பறவையின் தரிசனமும் கிடைத்தது. காக்கைக் குலந்தான், ஆனால் அலகும் கால்களும் பவளச் சிவப்பு. கார்ன்வாலின் கேடயச் சின்னத்தில் கம்பீரமாக வீற்றிருந்த அப்பறவை, மண்ணில் அற்றுப்போய், கடைசி ஒன்றும் 1973-ஆம் ஆண்டில் மறைந்தது. பிறகு எவரும் கொண்டுவந்து விடாமலே 2001-ஆம் ஆண்டில் சில பறவைகள் தாமாக இந்த முனைக்குத் திரும்பின. மறு ஆண்டு இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. முட்டை திருடர்களிடமிருந்து காப்பதற்காக ஊர்த் தொண்டர்கள் இரவும் பகலும் முறைவைத்துக் காவலிருந்தார்கள். ஒரு காலத்தில் இதே ஜனங்கள் விளக்கு வேண்டாமென்றார்கள். அவர்களுடைய சந்ததியார் ஒரு காக்கைக் கூட்டுக்கு உறக்கத்தை விட்டார்கள். காலம் அவ்வளவு மாறியிருக்கிறது.

ஹவுசல் குடா சிறிது ஆழமான வளைவு. இறங்கி ஏறுகையில் முழங்கால்கள் முறையிட்டன. மேட்டில் நிற்கும் ஹோட்டலில் 1900-ஆம் ஆண்டு தங்கியவர் மார்க்கோனி. கம்பியில்லாத் தந்திக்கு நிலையம் அமைக்க இடம் தேடி வந்திருந்தார். அவர் தேர்ந்தெடுத்த இடத்தில் கரிய மரக்குடில்கள் இரண்டு இன்னும் நிற்கின்றன. பாதையில் போகிறவர் ஆட்டுக்கொட்டில் என்றெண்ணித் தாண்டிவிடக்கூடும். 1901-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி, 186 மைலுக்கு அப்பால் வைட் தீவிலிருந்து அனுப்பிய சமிக்ஞை இக்குடிலில் கேட்டது. தூரத்தைவிட அதன் தாத்பரியமே பெரிது. கம்பியில்லாத் தந்தியின் அலைகளும் ஒளியைப்போல் நேர்க்கோட்டிலேயே செல்லும், ஆகவே அடிவானத்துக்கு அப்பால் அவை எட்டமாட்டா என்பது அறிஞர் பலரின் கருத்தாக இருந்தது. அவ்விரு இடங்களுக்கும் இடையே நேர்க்கோடு ஒன்று இழுத்தால், நடுவில் பூமியின் வளைவு அதற்கு மேல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகமாகப் புடைத்து நிற்கும். அந்த நீர்மலையைத் தாண்டிச் செய்தி வந்துவிட்டது. இதே தீபகற்பத்தில் சில மைல் வடமேற்கேயுள்ள போல்டுவிலிருந்து அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் தேதி அனுப்பிய மூன்று புள்ளிகள் அட்லாண்டிக்கின் மறுகரையில் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதற்கு அடிப்படைத் தைரியம் இந்தக் குடிலில் பிறந்தது. கப்பல்கள் கண்ணுக்கு மறைந்த பிறகும் கரையோடு பேசலாம் என்றாயிற்று.

கைபேசிக்கு வருகிற சமிக்ஞையும் அந்தக் குடும்பத்ததே. ஆனால் அது பேசுவதில்லை, நேரத்தை மட்டும் சொல்லிக்கொண்டேயிருக்கிறது. நாலு செயற்கைக்கோள்கள் 'இப்போது இன்ன நேரம்' என்று சொன்னதை, எவ்வளவு தாமதமாக வந்தது என்று ஒப்பிட்டு, தாமதத்தைத் தூரமாக்கி, நாலு தூரங்களும் சந்திக்கிற புள்ளியில் நம்மை நிறுத்துகிறது கருவி. நேரத்தில் வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் முந்நூறு மீட்டர் பிசகிவிடும். அவ்வுயரத்தில் ஓடும் கடிகாரங்கள், ஐன்ஸ்டைனின் சித்தாந்தத்தின்படி, பூமியிலுள்ளவற்றைக் காட்டிலும் நாளொன்றுக்கு அத்தகைய பங்குகள் 38 அளவு முந்துகின்றன. அதையும் முன்கூட்டியே கழித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். இவ்வளவு சூட்சுமமும் எதற்காக என்று என்னைக் கேட்டால், அன்றைய தினத்துக்கு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்காக.

அடுத்து வருவது லாயிட்ஸ் சமிக்ஞை நிலையம். கோட்டை கொத்தளம்போல் தலைவிளிம்பு வெட்டிய வெள்ளைக் கட்டடம். 1872-ஆம் ஆண்டில் இதைக் கட்டியவர்கள் ஃபால்மவுத் துறைமுகத்து வணிகர்கள். கப்பல்கள் இதற்கு எதிரே வந்து கொடிகளை ஏற்றித் தம் பெயரைத் தெரிவிக்கும். நிலையத்தார் அதைத் தந்திமூலம் உடைமையாளருக்கு அறிவித்து, சரக்கு எத்துறைக்குப் போகவேண்டுமென்ற உத்தரவையும் கொடியிலேயே திருப்பிச் சொல்வார்கள். புறப்பட்டபோது விலை ஒன்று, வந்துசேரும்போது விலை வேறொன்று. ஆகவே எங்கே இறக்குவது என்ற தீர்மானம் இந்த ஜன்னலுக்கு வெளியே காத்திருந்தது. உரிமையாளருக்குக் கப்பல் உண்டா இல்லையா என்ற திகில் தீர்ந்ததும் இங்கேதான்.

பாஸ் பாயிண்டில் ஒரு சிறிய கண்காணிப்பு அறை உண்டு. அரசாங்கக் கரைக்காவலர்கள் இதைத் தேவையில்லையென்று மூடிவிட்ட சிறிது காலத்திலேயே, 1994-ஆம் ஆண்டில், இதற்குக் கீழேயே செம்படவர் இருவர் கடலில் மாண்டார்கள். ரேடியோவும் செயற்கைக்கோளும் இருக்கையில் ஜன்னலோரம் ஓர் ஆளை உட்கார்த்தி வைப்பது வீண்செலவு என்ற வாதத்துக்கு ஊரார் சொன்ன பதில், தாங்களே அந்த அறையைத் திறந்து, சம்பளமில்லாமல், தூரதரிசினிக் கண்ணாடியுடன் உட்கார்ந்ததுதான். அப்படித் தோன்றிய தேசியக் கடற்காவல் அமைப்புக்கு இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. நாங்கள் கடந்தபோது உள்ளேயிருந்த முதியவர் ஒருவர் கடலைவிட்டுக் கண்ணெடுக்காமலே கையை அசைத்தார்.

பெட்டி இருந்த இடத்தைத் துல்லியமாகச் சொல்வது விளையாட்டின் தர்மத்துக்கு விரோதம். பாஸ் பாயிண்டுக்குப் பிறகு, கடலை நோக்கிய ஒரு பாறைக்கூட்டத்தில் என்று மட்டும் சொல்லலாம். கைபேசி பன்னிரண்டு மீட்டர் என்றது, பிறகு ஏழு, பிறகு நாலு, பிறகு, நான் அசையாது நிற்கையிலேயே, ஒன்பது. பாறைச் சுவரில் பட்டுத் தெறித்த சமிக்ஞைகள் அதைக் குழப்புகின்றன என்றாள். நான் அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு முன்னும் பின்னும் நடந்ததைச் சிறிது நேரம் பொறுத்திருந்துவிட்டு, "சித்தப்பா, அதைப் பையில போட்டுடுங்க. இதுக்கு மேல அது வழி காட்டாது. இனிமே கண்ணாலதான் தேடணும்" என்றாள்.

அந்த நேரத்தில் நாயொன்றுடன் ஒரு மூதாட்டி பாதையில் வந்தார். விளையாட்டை அறியாதவர் பார்வையில் பெட்டியை எடுக்கலாகாது என்பது சம்பிரதாயம். ஹாரி பாட்டர் கதைகளிலிருந்து எடுத்து, அத்தகையோரை மகிள் என்று அழைக்கிறார்கள். என் தமையன் மகள் உடனே குனிந்து, அவிழாத காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டலானாள். ஏதேனும் தொலைத்துவிட்டீர்களா என்று மூதாட்டி பரிவோடு விசாரித்தார். பறவை பார்க்கிறோம் என்றேன். "பறவை பார்க்கிறவர்கள் இவ்வளவு நேரம் தரையைப் பார்க்கமாட்டார்கள், இடது பக்கம் நெட்டில் செடி கடிக்கும், ஜாக்கிரதை" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தேடுவதில் எனக்குப் பயிற்சியில்லை, அவளுக்கு உண்டு. பெட்டியைத் தேடுகிறவன் பெட்டியைத் தேடக்கூடாது, இயற்கை செய்திராததைத் தேட வேண்டும் என்பது அவள் கொள்கை. அங்கிருந்த கற்களின் மேற்புறமெல்லாம் மஞ்சளும் சாம்பலுமான பாறைப்பாசி படிந்திருந்தது. வெயிலும் உப்புக்காற்றும் படும் பக்கத்தில் அது வளர்கிறது. ஒரு பிளவின் வாயில் சாய்ந்திருந்த ஒரு பலகைக்கல் மட்டும் மேலே வெறிச்சென்று மொட்டையாகவும், அடிப்புறத்தில் பாசியோடும் இருந்தது. யாரோ எடுத்து, புரட்டி வைத்திருக்கிறார்கள்! "அங்கே பாருங்க" என்றாள். கையை விட்டேன். பழுப்புநிற ஒட்டுத்துணி சுற்றிய டப்பா ஒன்று தட்டுப்பட்டது.

உள்ளே ஒரு பச்சை பிளாஸ்டிக் டைனோசர், ஒரு நார்வே நாணயம், சட்டையில் குத்தும் வில்லை ஒன்று, ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடுவதற்கென்று எண் பொறித்த ஓர் உலோகத் தகடு, ஈரம் புகாத பையில் சிற்றேடு, மழுங்கிய பென்சில். ஏட்டில் பெயர்களும் தேதிகளும் நெருங்கிக் கிடந்தன. ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளில் இரண்டொரு வரிகள். மழை, காற்று, பிறந்தநாள், தேனிலவு. ஒரு குழந்தையின் கோணலான எழுத்து. பெரட்டின் புட்டிக்குள்ளிருந்த பெயர்ச் சீட்டுகளிலும் இதைவிட வேறென்ன இருந்திருக்கும்? நான் தமிழில் கையெழுத்திட்டேன். தகட்டை அவள் எடுத்துக்கொண்டாள். அடுத்த பிரயாணத்தில் வேறொரு பெட்டியில் சேர்ப்பதாகச் சொன்னாள். டப்பாவை உள்ளே தள்ளியபின் கல்லை நான் பாசிப்பக்கம் மேலே வரும்படி வைக்கப்போக, "வேண்டாம் சித்தப்பா, வச்சவர் எப்படி வச்சாரோ அப்படியே இருக்கட்டும். அடுத்து வரவங்களுக்கும் ஏதாவது துப்பு வேணுமில்ல?" என்று தடுத்தாள்.

நிமிர்ந்தபோதுதான் அந்த இடத்தை முழுமையாகப் பார்த்தேன். மேற்கே விளக்கின் வெள்ளைச் சுவர். கிழக்கே நிலம் மடிப்பு மடிப்பாக விலகிப் பிளாக் ஹெட் என்னும் கரிய தலைநிலத்தில் போய் முடிகிறது. நடுவே கடல், கரையருகே பச்சையாகவும் நடுவில் மையாகவும். அடிவானத்தில் சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, எவரிடமும் உத்தரவு கேளாமல், கொடி ஏற்றாமல். பெட்டியை மறைத்தவர் இந்தக் காட்சிக்காகவே அந்தப் பிளவைத் தேர்ந்திருக்க வேண்டும். பெட்டியைக் குனிந்து தேடாதவரை அவ்விடத்தில் நிற்பதற்கு எவருக்கும் காரணமில்லை. பாதை அங்கே சற்று உள்ளே ஒதுங்கிவிடுகிறது.

மீதி நடை சுலபம். கில்காபன் குடாவில் 1961-ஆம் ஆண்டு முதல் இயங்குகிற உயிர்காப்புப் படகு நிலையம் பாறைச்சுவரை அணைத்து நிற்கிறது. பொல்பியரைக் கைவிட்டு இங்கே வந்ததற்குக் காரணம், மேற்குக் காற்றின் கொடுமை இங்கே குறைவு. மேட்டிலிருந்து படகு வரை வீரர்களை இறக்க இப்போது சாய்வு மின்தூக்கி வைத்திருக்கிறார்கள். சர்ச் கோவில் இறங்கி, வைக்கோற்கூரை வேய்ந்த வீடுகளைத் தாண்டி ஏறினால், பிரிட்டன் பெருநிலத்தின் தென்கோடி மாதாகோயிலான லேண்டவெட்னக் தேவாலயம். அதன் கோபுரத்தில் சர்ப்பென்டைனும் கருங்கல்லும் மாறிமாறிச் சதுரங்கப் பலகையாக அடுக்கியிருக்கின்றன.

கிராமத்துத் தெருவை எட்டியதும் அவள் கைபேசியை எடுத்தாள். "இங்கேயிருந்து முந்நூறு மீட்டர்ல இன்னொண்ணு இருக்கு சித்தப்பா."

"தேநீர்க்கடை எவ்வளவு தூரம்?" என்றேன்.

"நாற்பது மீட்டர். ஆனா அதைச் சாத்திடுவாங்க, பெட்டிக்குச் சாத்துற நேரம் கிடையாது" என்று அவளே வழக்கை முடித்தாள். கடைக்குப் போனோம். ஸ்கோன் பணியாரத்தின்மேல் முதலில் ஜாம் தடவி, அப்புறமே பாலேடு வைக்கவேண்டும், முறை மாற்றினால் டெவன்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள் என அவள் தாழ்ந்த குரலில் எச்சரித்தபடியால், கார்ன்வால் மரபையே கடைப்பிடித்தேன். ருசியில் பேதம் ஒன்றும் தெரியவில்லை.